ஒரு நூலுக்கு ஒரு நிரல்

ஒரு வேலைக்குக் குழு போட்டுவிட்டால் அந்த வேலை நடக்காது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நடக்கும், நடந்தே தீரும். குழு போடுவதற்கு முன்னால் அது எந்தத் திசையில் நடக்க இருந்ததோ அந்தத் திசையில் நடக்காது, அவ்வளவுதான்.

நூலக இயக்ககத்தில் போட்ட குழுவுக்கு 'பணியாளர் மென்பொருள் அட்டவணைச் சீரமைப்பு உயர்மட்டக் குழு' என்று பெயர். பெயர்ப்பலகை அந்த அறையின் வாசலுக்குள் அடங்கவில்லை. மிச்சப் பலகை பக்கத்து வாசலுக்கு மேல் நீண்டது. பக்கத்து வாசல் கழிப்பறையுடையது. 'உயர்மட்டக் குழு' என்ற எழுத்துகள் சரியாக அதன் மேல் வந்து உட்கார்ந்துவிட்டதால், புதிதாக வருகிறவர்கள் சிலர் கதவைத் தட்டிவிட்டு வெளியே மரியாதையாகக் காத்திருப்பது உண்டு.

அந்தக் குழுவின் முன்னால் கட்டக்காரன் மடிக்கணினியும் கையுமாக உட்கார்ந்திருந்தான். அவனுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்தது. இயக்ககத்தில் அதை யாரும் கேட்கவில்லை. திரையில் கட்டம் போடுகிறவன், ஆகவே கட்டக்காரன். "பாவம், அவருக்கே கட்டம் சரியில்ல போல" என்று வாசலில் இருந்த எழுத்தர் ஜோக் அடித்தார். அன்றைக்கு அது ஜோக்காகத்தான் இருந்தது.

அவன் இருந்தது ஒரு சின்ன மென்பொருள் கம்பெனி. நூலகக் கவுண்டரில் இருப்பவர்கள் நாளெல்லாம் முறைத்துப் பார்த்துக்கொண்டிருக்கும் அட்டவணை இருக்கிறதே, எந்தப் புத்தகம், யார் எடுத்தார், எப்போது தர வேண்டும், வந்ததா இல்லையா என்று, அதை இணையத்தில் திறக்கிற மாதிரி புதிதாக அமைத்துத் தரும் வேலை கம்பெனிக்குக் கிடைத்தது. கம்பெனி அதை அவன் தலையில் கட்டியது. பார்த்தால் சின்ன வேலை. குறுக்கே கொஞ்சம் கோடு, நெடுக்கே கொஞ்சம் கோடு. ஆனால் அந்தக் கோடுகளுக்கு நடுவில்தான் மனிதர்களின் கண் காலையிலிருந்து சாயங்காலம் வரை குடியிருக்கிறது என்பது அவனுக்குத் தெரியும். அதில் அவனுக்கு உண்மையாகவே அக்கறை இருந்தது.

அக்கறைக்கு வேறொரு காரணமும் உண்டு. அவன் மனைவிக்கு மத்திய நூலகத்தில், புத்தகம் திரும்பப் பெறும் கவுண்டரில் வேலை. கல்யாணமான நாளிலிருந்து இயக்ககம் அவளை ஊர் ஊராகப் பந்தாடியதில் இருவரும் பெட்டியும் கையுமாகவே குடும்பம் நடத்தினார்கள். இப்போதுதான் ஒரு வழியாக ஒரே வீட்டில், ஒரே கூரையின் கீழ் வந்து சேர்ந்திருந்தார்கள். அதற்குள் ஒரு சுற்றறிக்கை. புதிய மென்பொருள் வந்ததும் கவுண்டரில் யார் எவ்வளவு வேகம் என்று அளக்கப்படும். எல்லாரையும்விட மெதுவாக இருப்பவர் 'உபரி' என்று அறிவிக்கப்படுவார். உபரியானவர் மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் புத்தகக் கிடங்குக்குப் போக வேண்டும். பஸ்ஸில் ஒரு பகல் முழுக்கப் போனால் வரும் இடம் அது.

"மறுபடியும் பெட்டி கட்டச் சொன்னா எனக்கு உயிரே போயிடுங்க," என்று மனைவி அழுதாள். "இந்த வீட்டுல உங்ககூட சண்டை போட்டுக்கிட்டு இருக்கிறதுதான் எனக்கு நிம்மதி. என்னால தனியா இருக்க முடியாது."

"யார் உன்னை அனுப்பப்போறா? அட்டவணையே நான்தானே போடுறேன்."

"அதான் பயமா இருக்கு."

அவனுக்கும் அதே பயம்தான். அவள் இல்லாத வீடு அவனுக்குக் கட்டோடு பிடிக்காது. அதை வாய்விட்டுச் சொல்லும் பழக்கம் இல்லாததால், உட்கார்ந்த இடத்தில் காலை ஆட்டிக்கொண்டே இருந்தான். அன்றிலிருந்து கால் நிற்கவில்லை.

முதல் கூட்டத்தில் மேஜையின் தலைமாட்டில் இயக்குநர். அவருக்கு வலப்பக்கம் செயலர் அம்மா, கூட்டக் குறிப்பு எழுதுகிறவர். இடப்பக்கம் சொல்லாய்வாளர். எந்தப் பொருளுக்கும் சரியான பெயர் முடிவாகாமல் அவர் அதைக் கையால் தொடமாட்டார். அவர் முன்னால் வைத்த காபி எப்போதும் ஆறிப்போவதற்கு அதுதான் காரணம் என்று பேச்சு. ஓரமாக இன்னொருவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

கட்டக்காரன் திரையில் படத்தைக் காட்டி ஆரம்பித்தான். "ரொம்ப சிம்பிளா வச்சிருக்கேன் சார். மொத்தம் ஆறு காலம் போதும்."

"ஆறு காலமா?" என்று சொல்லாய்வாளர் நிமிர்ந்தார். "பெரும்பொழுதும் ஆறு, சிறுபொழுதும் ஆறு. தாங்கள் குறிப்பிடுவது எது?"

கட்டக்காரன் திருதிருவென்று விழித்தான். "இல்ல சார், காலம்னா... இந்த மேலேர்ந்து கீழ வருதே, இது."

"காலம் மேலிருந்து கீழே வருவதில்லை. அது முன்னோக்கிச் செல்வது."

அந்த முற்பகல் அதிலேயே போயிற்று. கடைசியில், குறுக்கே ஓடுவது நிரை என்றும் நெடுக்கே இறங்குவது நிரல் என்றும் முடிவாயிற்று. 'ரோ', 'காலம்' ஆகிய ஆங்கிலச் சொற்களை இயக்கக வளாகத்துக்குள் யாரும் உச்சரிக்கக் கூடாது. இரண்டு சொல்லும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கிறதே, ஆள் குழம்பிவிடாதா என்று கட்டக்காரன் கேட்டுப் பார்த்தான்.

"குழம்புவோர் குழம்பட்டும்," என்றார் சொல்லாய்வாளர். "சொல் குழம்பாது."

இயக்குநர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "நான் ரொம்ப சாதாரண மனுஷன் தம்பி. எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் வேணும். எளிமை! பார்த்தவுடனே புரியணும். அதனால எதையும் விட்டுடாம எல்லாத்தையும் உள்ள போட்டுடுங்க."

போட்டார்கள். புத்தகத்தின் எடை, அட்டையின் நிறம், அட்டை வழவழப்பா சொரசொரப்பா, வாங்க ஒப்புதல் அளித்த அதிகாரியின் பெயர், அவருக்கு ஒப்புதல் அளித்த அதிகாரியின் பெயர். ஒவ்வொன்றையும் சேர்க்கும்போது "இதுவும் ஒரு எளிமைதான்" என்று இயக்குநர் சொன்னார். மற்றவை நகரும்போது புத்தகத்தின் பெயர் மட்டும் நகராமல் ஓரத்திலேயே நிற்கும் என்று கட்டக்காரன் விளக்கியதுதான் அவன் செய்த பெரிய தப்பு.

"என்னது, அசையாம நிக்குமா?" இயக்குநரின் முகம் மலர்ந்தது. "அப்ப ஒப்புதல் அளித்த அதிகாரியோட பேரையும் அசையாம நிறுத்துங்க."

அது அவர் பெயர்தான். செயலர் அம்மாவும் கூச்சத்தோடு தன் பெயரைச் சொன்னார். சொல்லாய்வாளர் தமக்குப் புகழில் நாட்டமில்லை என்றார், ஆனால் நிரை, நிரல் இரண்டுக்கும் பொருள் விளக்கம் அசையாமல் நிற்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். எல்லாவற்றையும் நிறுத்திவைத்த பிறகு அசைவதற்கென்று திரையில் மிச்சமிருந்தது விரல் அகலம்.

தேடு பெட்டி ஒன்றை மூலையில் வைத்திருந்தான். அதையும் எடுக்கச் சொன்னார்கள். "தேடுதல் என்பது தொலைந்த பொருளுக்குச் செய்வது," என்றார் சொல்லாய்வாளர். "நம் நூலகத்தில் எதுவும் தொலையவில்லை."

போகட்டும், அட்டவணை என்று ஒன்று இருந்தால் எப்படியாவது ஒப்பேற்றிவிடலாம் என்று கட்டக்காரன் பல்லைக் கடித்துக்கொண்டான். ஒரு நூலுக்கு ஒரு நிரை என்று கடைசியாக ஒரு தீர்மானம் போட்டார்கள். அதாவது, ஒவ்வொரு புத்தகமும் குறுக்கே ஒரு வரியாக, ஒன்றின் கீழ் ஒன்றாக வரும். அது ஒன்றுதான் அந்த அறையில் அன்றைக்குப் பேசப்பட்ட உருப்படியான விஷயம். தூங்கிக்கொண்டிருந்தவர்கூடத் தலையாட்டினார்.

கூட்டக் குறிப்பு வந்தது. அதில் 'ஒரு நூலுக்கு ஒரு நிரல்' என்று இருந்தது.

கட்டக்காரன் செயலர் அம்மாவின் அறைக்கு ஓடினான். "அம்மா, இதுல ஒரு சின்னப் பிழை. நிரைன்னு வரணும். நிரல்னு விழுந்திருக்கு."

அவர் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு படித்தார். "ஆமா. டைப் அடிக்கும்போது விழுந்திருக்கு."

"மாத்திடலாமா?"

"என்ன தம்பி இப்படிக் கேக்குறீங்க? கையெழுத்தாயிடுச்சே."

"பிழைன்னு நீங்களே சொல்றீங்களேம்மா."

"பிழைதான். ஆனா ஒப்புதல் ஆன பிழை. ஒப்புதல் ஆகாத சரியை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?"

"சரி, மாத்தணும்னா என்ன வழி?"

"அதே ஆளுங்க மறுபடியும் கூடணும். அதுல ஒருத்தர் ஓய்வு பெற்றுட்டாரு. ஓரமா தூங்கிட்டிருந்தாரே, அவரு."

"அவர் வாயே திறக்கலையேம்மா!"

"அதனாலதான் அவர் சம்மதம் முக்கியம். வாய் திறந்தவங்க என்ன நினைச்சாங்கன்னு குறிப்புலயே இருக்கு. அவர் என்ன நினைச்சாருன்னு யாருக்குத் தெரியும்?"

அவன் அங்கிருந்து இயக்குநரிடம் போனான். நிரலாகப் போட்டால் புத்தகங்கள் கீழ்நோக்கி வராது, பக்கவாட்டில் ஒன்றையடுத்து ஒன்றாக வலப்பக்கம் போய்க்கொண்டே இருக்கும், லட்சக்கணக்கில் போகும், யாராலும் பார்க்க முடியாது என்று தாளில் படம் போட்டுக் காட்டினான். இயக்குநர் படத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு மெல்ல எழுந்து ஜன்னலருகே போனார். பெரிய மனிதர்கள் ஜன்னலருகே போனால் ஏதோ வரப்போகிறது என்று அர்த்தம்.

"தம்பி, அலமாரியில புத்தகம் எப்படி நிக்குது? ஒண்ணு பக்கத்துல ஒண்ணா நிக்குதா, ஒண்ணு மேல ஒண்ணா படுத்திருக்கா?"

"பக்கத்துல... பக்கத்துலதான் சார்."

"அப்ப திரையிலயும் அப்படியே நிக்கட்டுமே! இத்தனை காலமா இது யாருக்கும் தோணலையே. பிழைன்னு சொல்றீங்க. எனக்கு இது தொலைநோக்குன்னு படுது."

கம்பெனி முதலாளிக்குப் போன் போட்டான். "அவங்க தலைகீழா நிக்கச் சொன்னாலும் நின்னுட்டு வா," என்று முதலாளி இணைப்பைத் துண்டித்தார்.

அவன் செய்தான். இரவு பகலாகச் செய்தான் என்று எழுதினால் அழகாக இருக்கும். உண்மையில் சட்டென்று முடிந்துவிட்டது. தப்பான வேலைக்கு எப்போதும் நேரம் கம்மிதான். வீட்டில் மனைவி "எப்படிங்க வருது?" என்று கேட்டபோதெல்லாம் "நல்லா வருது" என்று சொல்லிவிட்டு எழுந்து வேறு அறைக்குப் போனான். அந்த வீட்டில் இருந்ததே இரண்டு அறை. ஆகவே கொஞ்ச நேரத்தில் அவள் அங்கேயும் வந்துவிடுவாள், அவன் திரும்பவும் முதல் அறைக்கு வருவான்.

தொடக்க விழாவில் இயக்குநர் மத்திய நூலகத்தின் நடுக்கூடத்தில் நின்று பேசினார். "பழைய மென்பொருள்ல ஒரு புத்தகத்தை நொடியில கண்டுபிடிச்சுடுவாங்க. அது சரியா? இத்தனை லட்சம் புத்தகம் வச்சிருக்கோம். அதோட பிரம்மாண்டம் யாருக்குமே தெரியாமப் போச்சு. இனிமே தெரியும். ஒரு புத்தகத்தைத் தேடிப் போற வழியில பணியாளர் மத்த எல்லாப் புத்தகத்தையும் பார்த்துட்டுத்தான் போக முடியும்!"

பலத்த கைதட்டல். கைதட்டியவர்கள் எல்லாரும் கவுண்டரில் வேலை இல்லாதவர்கள்.

முதல் வாசகர் புத்தகத்தை நீட்டினார். கட்டக்காரனின் மனைவி அட்டவணையைத் திறந்தாள். புத்தகங்கள் ஒல்லி ஒல்லியாகத் திரை முழுக்க நின்றன. ஒவ்வொன்றின் பெயரும் அந்த ஒல்லிக்குள் அடங்காமல் எழுத்து எழுத்தாக உடைந்து கிணற்றுக்குள் இறங்குவது போல் கீழே இறங்கியது. அவள் மவுஸின் உருளையை உருட்டினாள். உருளை மேலும் கீழும் போகத் தெரிந்தது, பக்கவாட்டில் போகத் தெரியவில்லை. அடியில் இருந்த பட்டையைப் பிடித்து இழுத்தாள். ஒரு மயிரிழை இழுத்தால் ஆயிரக்கணக்கான புத்தகங்கள் விர்ரென்று ஓடிப்போயின. திரும்ப இழுத்தாள். மறுபக்கம் ஓடின. அவள் தலையைத் திருப்பி, கூட்டத்தில் கடைசியில் நின்ற புருஷனை ஒரு பார்வை பார்த்தாள். அவன் குனிந்து செருப்பின் வாரைச் சரிசெய்தான். அன்றைக்கு அவன் போட்டிருந்தது ஷூ.

வரிசை நூலகத்தைத் தாண்டித் தெருவுக்குப் போயிற்று. இயக்குநர் அதைப் படம் எடுக்கச் சொல்லி, 'வாசிப்பில் மக்களின் எழுச்சி' என்று இயக்ககத்தின் வாசலில் பெரிதாக மாட்டினார்.

எப்படியோ, குறை ஒன்று இருக்கிறது என்பது மெல்ல மேலே எட்டியது. குழு கூடியது. உருளை மேலும் கீழும்தான் போகும் என்றால், திரையைப் படுக்கப்போட்டுவிட்டால் மேலும் கீழும் என்பது பக்கவாட்டாகிவிடும் அல்லவா என்று இயக்குநர் கேட்டார். எல்லாக் கவுண்டரிலும் திரைகளைப் பக்கவாட்டில் திருப்பி நிறுத்தினார்கள். எழுத்துகள் படுத்துக்கொண்டன. அடுத்த சுற்றறிக்கை வந்தது: பணியாளர்கள் திரையைக் காணும்போது தலையை இடப்புறம் சாய்த்துக்கொள்ளலாம். வலப்புறம் சாய்க்க விரும்புவோர் முன் அனுமதி பெற வேண்டும்.

கட்டக்காரனின் மனைவி வீட்டிலும் தலையைச் சாய்த்தே அவனைப் பார்க்க ஆரம்பித்தாள். முதலில் அவன் அதை அன்பு என்று நினைத்துக்கொண்டான். கழுத்துக்குத் தைலம் தேய்க்கும்போதுதான் விஷயம் புரிந்தது. அவனுக்கு அப்படியே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

"மத்தவங்க எல்லாம் எப்படிச் சமாளிக்கிறாங்க?" என்று கேட்டான்.

"அவங்க அட்டவணையைத் திறக்கிறதே இல்லைங்க. புத்தகத்தை வாங்கி மேஜைக்குக் கீழ போட்டுட்டு, 'போயிட்டு வாங்க'ங்கிறாங்க. ஆளுக்கு ஒரு குன்று சேர்ந்திருக்கு. ஆனா எத்தனை பேரை அனுப்பினாங்கன்னுதானே எண்ணுறாங்க, அதுல அவங்க பறக்கிறாங்க. நான்தான் ஒவ்வொண்ணையும் தேடிப் பதிஞ்சுக்கிட்டிருக்கேன்."

"நீயும் அப்படிப் பண்ணேன்."

"எப்படிங்க? வந்துடுச்சுன்னு பதியலைன்னா அந்த ஆளுக்கு அடுத்த புத்தகம் கிடைக்காதே. பரீட்சைக்குப் படிக்கிற பொண்ணுங்க வருது, முகத்தைப் பார்த்துக்கிட்டு எப்படி ஏமாத்துறது?" அவள் தலையை நிமிர்த்தப் பார்த்து, முடியாமல் விட்டுவிட்டாள். "நான்தாங்க கடைசி. எனக்குத் தெரிஞ்சுபோச்சு. என்னைத்தான் கிடங்குக்கு அனுப்புவாங்க."

வேக அறிக்கை வந்தது. அவள்தான் கடைசி.

ஆனால் உத்தரவு உடனே வரவில்லை. விதி ஒன்று குறுக்கே நின்றது. அட்டவணை பயன்படுத்தத் தக்கது என்று அதை வடிவமைத்தவர் சான்று கொடுத்தால்தான் மெதுவாக இருப்பது பணியாளரின் குற்றமாகும். கொடுக்காவிட்டால் குற்றம் அட்டவணையுடையது, யாரும் உபரி இல்லை. ஆக, கட்டக்காரன் கையெழுத்துப் போட்டால் மனைவி போக வேண்டும். போடாவிட்டால் கம்பெனி அவனைத் தூக்கிவிடும். அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. குழு அறை வாசலுக்கும் கழிப்பறை வாசலுக்கும் நடுவில் நடையாய் நடந்தான். இரண்டுக்கும் ஒரே பலகை என்பது அப்போதுதான் அவன் கண்ணில் பட்டது, சிரிப்பு வரவில்லை.

உள்ளே கூப்பிட்டார்கள். செயலர் அம்மா சான்றை நகர்த்தினார், பேனாவைத் திறந்து மேலே வைத்தார்.

"நான் கையெழுத்துப் போடமாட்டேன் சார்," என்றான் கட்டக்காரன். சொன்னதும் கால் ஆடுவது நின்றது. "இதைப் பயன்படுத்த முடியாது."

சொல்லாய்வாளர் விரலை உயர்த்தினார். "பயன்பாடு என்ற சொல் ஏற்கப்பட்டது. பயன்படாமை இன்னும் பரிசீலனையில் இருக்கிறது. இல்லாத சொல்லைக் கொண்டு தாங்கள் குறை கூற இயலாது."

"அப்படின்னா சாதாரணமா சொல்றேன் சார். இது உதவாது. மனுஷங்க கழுத்து போகுது. வெளியில ஜனங்க வெயில்ல நிக்கிறாங்க. கவுண்டர்ல இருக்கிற அந்தம்மா மெதுவா இல்ல சார், நான் போட்ட கட்டம் மெதுவா இருக்கு."

இயக்குநர் கோபப்படவில்லை. அவர் கோபப்பட்டதே கிடையாது. கோபப்படுவதற்குச் சொன்னது காதில் விழ வேண்டும். "தம்பி, உங்களுக்கு உங்க வேலை மேலயே நம்பிக்கை இல்ல. என்னைப் பாருங்க. இந்த அட்டவணையை நான் ஒரு தடவைகூடத் திறந்து பார்த்ததில்ல. ஏன்? அந்த அளவுக்கு எனக்கு அதுமேல நம்பிக்கை!"

"அப்ப ஒரே ஒரு தடவை கவுண்டர்ல உட்கார்ந்து பாருங்க சார். ஒரு புத்தகம், ஒண்ணே ஒண்ணு, திரும்ப வாங்கிப் பாருங்க."

செயலர் அம்மா பேனாவை மூடிவிட்டார்.

"நான் உட்கார விதியில இடமில்ல," என்றார் இயக்குநர். "நீங்க உட்காருங்க. வடிவமைச்சவராலேயே முடியலைன்னா முடியலைன்னு நானே எழுதித் தர்றேன். போதுமா?"

கட்டக்காரனுக்கு நம்ப முடியவில்லை. இத்தனை மாதத்தில் முதல்முறையாக அந்த அறையில் ஒருவர் நியாயமாகப் பேசியிருந்தார். கண்ணில் தண்ணீர் முட்டியது. கையெடுத்துக் கும்பிட்டான்.

கவுண்டர் பணியாளர் அல்லாதவர் அட்டவணையைத் திறக்க முடியாது என்பதால் செயலர் அம்மா அங்கேயே அவனைத் தற்காலிகக் கவுண்டர் பணியாளராக நியமித்து ஒரு உத்தரவு போட்டார். எல்லாரும் மத்திய நூலகத்துக்குப் போனார்கள். மனைவி எழுந்து இடம் கொடுத்தாள். வரிசையில் முதலில் நின்ற தையல்காரர் சட்டைத் தையல் பற்றிய ஒரு புத்தகத்தை நீட்டினார்.

கட்டக்காரன் தலையை இடப்புறம் சாய்த்தான். நடிக்க வேண்டும் என்ற தேவையே வரவில்லை. பட்டையை இழுத்தான், புத்தகம் ஓடியது. துரத்தினான். பெயர் தெரியவில்லை, இயக்குநரின் பெயர் மட்டும் அசையாமல் தெரிந்தது. ஒரு முறை சரியான நிரலையே பிடித்துவிட்டான், ஆனால் பதியும் பொத்தான் அதன் கால்மாட்டில் எங்கோ கீழே இருந்தது. அதைத் தேடிக் கீழே போய்த் திரும்புவதற்குள் நிரல் கைநழுவிவிட்டது. தையல்காரர் முதலில் ஒற்றைக் காலில் நின்றார், பிறகு தரையில் உட்கார்ந்தார், பிறகு அந்தப் புத்தகத்தையே திரும்ப வாங்கிப் படிக்க ஆரம்பித்தார். செயலர் அம்மா சாப்பிடப் போய்விட்டு வந்தார். நூலகத்தை மூடும் மணி அடித்தபோது கட்டக்காரன் இன்னும் தேடிக்கொண்டிருந்தான்.

அவன் வேர்த்து வடிந்து எழுந்தான். முகத்தில் வெற்றிக்களை. "பார்த்தீங்களா சார்?"

"பார்த்தேன் தம்பி." இயக்குநர் அவன் தோளைத் தட்டினார். "என் கண்ணாலயே பார்த்தேன்."

மறுநாள் உத்தரவு வந்தது. கவுண்டரில் தற்காலிகமாக நியமிக்கப்பட்ட பணியாளர் ஒரு முழு அமர்வில் ஒரு நூலைக்கூடத் திரும்பப் பெறவில்லை. இயக்ககம் இதுவரை கண்டவர்களிலேயே மிக மெதுவானவர் அவர்தான். வடிவமைத்தவராக இருந்தும் அவர் அட்டவணையைக் கற்றுக்கொள்ளத் தவறியதால் குறை பணியாளரிடம் என்பது ஐயமற நிரூபணமாகிறது. ஆகவே அட்டவணை தகுதியுடையது. பணியாளர் உபரி. மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் கிடங்கில் உடனே பொறுப்பேற்க வேண்டும்.

அவன் தங்கள் ஆளே இல்லை என்பது இயக்ககத்துக்குத் தட்டுப்படவில்லை. கம்பெனி முதலாளிக்குத் தட்டுப்பட்டது, ஆனால் அவர் குரலில் அப்படி ஒரு உற்சாகம். "போயிட்டு வாப்பா! நம்ம ஆள் ஒருத்தன் அவங்களுக்குள்ள இருக்கிறது எவ்வளவு நல்லது! எல்லாக் கிளைக்கும் இதே அட்டவணையைப் போடச் சொல்லியிருக்காங்க."

கட்டக்காரன் உத்தரவை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு மத்திய நூலகத்துக்கு நடந்தான். கிடங்கில் தனியாகக் கிடக்கப்போவதை நினைத்தால் அழுகை வந்தது. ஆனாலும் ஒரு ஓரத்தில் நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது. அவள் கடைசி இல்லை. அவளை யாரும் இனி அசைக்க முடியாது. அவளுக்குப் பதில் தான் போகிறோம், ஒரு புருஷன் இதைவிட என்ன செய்துவிட முடியும் என்று நினைத்தான். எப்படிச் சொல்வது, சொல்லும்போது எங்கே நிறுத்துவது, அவள் அழுதால் என்ன சொல்லித் தேற்றுவது என்பதையெல்லாம் யோசித்து வைத்துக்கொண்டான்.

அவள் தலையைச் சாய்த்துத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வரிசை வாசலுக்கு வெளியே போயிருந்தது. உத்தரவை நீட்டினான். அவளுக்குத் தலை நிமிரவில்லை, அதனால் தாளைச் சாய்த்துப் பிடித்துப் படித்தாள்.

"இது உங்களுக்கா?"

"ஆமா. நீ கவலைப்படாத. நீ இங்கயே இருக்கலாம். உன் கவுண்டர், உன் சீட்டு, எல்லாம் அப்படியே இருக்கும். நான் எப்படியாவது வாராவாரம் வந்துடுவேன்."

அவள் தாளை இன்னொரு முறை முதலிலிருந்து படித்தாள். கண் கலங்கிவிட்டது என்று நினைத்து அவன் கைக்குட்டையை எடுத்தான். வரிசையில் முன்னால் நின்ற பெண் புத்தகத்தால் கவுண்டரை மெதுவாகத் தட்டினாள்.

"அந்தக் கிடங்குல இந்த அட்டவணை இருக்காங்க?" என்று மனைவி கேட்டாள்.

"அங்க கம்ப்யூட்டரே கிடையாதாம். எல்லாம் கையாலதான்."

"கையாலதானா?"

"ஆமா. ஊரும் ஒண்ணும் இல்லாத ஊரு. பேச்சுத் துணைக்குக்கூட ஆள் இருக்காது."

அவள் மேஜைக்கு அடியில் கையை விட்டுத் தன் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"அப்ப அங்க நான் போறேங்க," என்றாள். "நீங்க இங்க இருந்து இதைப் பாருங்க."

அவன் சிரிக்கப் பார்த்தான். அவள் அதற்குள் நாற்காலியிலிருந்து எழுந்து, அவனுக்கு இடம் விட்டு நின்றுகொண்டிருந்தாள்.